கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே

4 ஆகஸ்ட் 2023, வெள்ளி

இன்று எனக்கு எழுபத்திரண்டு வயது, ஐந்து மாதம், பதினொரு நாள். இயற்பியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை ஓய்ந்தது, துல்லியம் ஓயவில்லை. இந்த வயதில், பாளையங்கோட்டையில், முழுச் சுயநினைவோடு, மின்சாரக் கிடார் வாசிப்பதாகச் சபையார் முன்னிலையில் வாக்களித்துவிட்டு வந்திருக்கிறேன்.

நடந்தது இது. செப்டம்பர் பத்தாம் தேதி எங்கள் ஆலயத்தில் பெண்கள் ஞாயிறு. அன்று பிரசங்கத்திலிருந்து காணிக்கைப் பை வரை எல்லாம் பெண்கள் பொறுப்பு. இன்று மாலை ஆலயக் கூட்டத்தில், பாடகர் குழுவை நடத்தும் ஜெமிமா, வாத்தியங்களையும் பெண்களே வாசிக்க வேண்டும் என்றாள். அவள் பல் மருத்துவர். என் வாயில் பாதி அவள் கட்டிய கட்டடம். கீபோர்டுக்கு ஆள் இருந்தது, டிரம்முக்கும் இருந்தது. கிடாருக்கு இல்லை. வாசித்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற கிடார் என் பெஞ்சில், நான் உட்காரும் இடத்தில், சாய்ந்துகிடந்தது. நகர்த்துவதற்காகத் தூக்கினேன். அதன் மேற்கொம்பு, அதாவது கழுத்தருகே கொம்பு போல் நீளும் மர முனை, என் தாடையில் இடித்தது. பக்கத்தில் இருந்தவளின் முந்தானை கம்பிகளில் உரசியது.

அதன் பின் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. அடுத்த நிமிடம் நான் எழுந்து நின்று, இழுத்துக் கட்டிய ஆறு கம்பிகள்தானே, அதைத்தானே ஆயுள் முழுவதும் பாடம் நடத்தினேன், நானே வாசிக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். கைதட்டினார்கள். கைகள் அசைந்ததைப் பார்த்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது எமரால்டு பிடித்துக்கொண்டாள். எமரால்டு மறைந்த என் கணவரின் தங்கை, திருமணம் செய்துகொள்ளாதவள், தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறாள். ஆட்டோ இரைச்சலில் அவள் பேசுவது மற்ற நேரங்களைவிட எனக்குத் தெளிவாக இருக்கும்.

"மைனி, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பாட்டுல நீங்க பாதி வரி பிந்தி வாரீங்கன்னு போன மாசந்தான் பேச்சு வந்துச்சி. இப்பக் கிடார் வேறயா?"

"அதுக்குப் பேரு நிதானம், எமரால்டு."

"நிதானமா! எல்லாரும் ஆமென் சொல்லி உக்காந்த பொறவு ஒங்க ஆமென் மட்டும் தனியா நடந்து வருது."

7 ஆகஸ்ட், திங்கள்

கிடார் வீட்டுக்கு வந்துவிட்டது. கூடவே ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று. சிவப்பு நிறம், கீழே விழுந்த வடுக்கள், முழுதும் கெட்டி மரம். வீணைக்கு இருப்பது போல் வயிறு இல்லை. சும்மா மீட்டினால் அதற்கே கேட்காது, மின்சாரம் கொடுத்தால்தான் பேசும் என்று ஜெமிமா எச்சரித்தாள். நான் பெட்டியோடு இணைக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

குறை ஒன்றுதான். கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் அழுத்திக் கீழே கொண்டுபோவதற்குள் விரல் முட்டுகள் முனகுகின்றன. என் விரல் முட்டுகள் இஞ்சிக் கிழங்கு போலாகி வெகுநாள் ஆயிற்று.

9 ஆகஸ்ட், புதன்

நான்கு விரல் நுனிகளிலும் கொப்புளம். தோசையைத் திருப்பிப் போட எமரால்டை அழைத்தேன். காரணம் கேட்டாள். கரண்டி சுட்டுவிட்டது என்றேன். நான்கு விரலையுமா என்றாள். நீளமான கரண்டி என்றேன்.

11 ஆகஸ்ட், வெள்ளி

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டேன். அதிரும் கம்பி எவ்வளவு தூரம் விலகும், கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகளை (ஃபிரெட் என்கிறார்கள்) தொடாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குச் சமன்பாடு. விடை அழகாக வந்தது. அதன்படி சிறு திருகுகளைத் திருகி எல்லாக் கம்பிகளையும் இறக்கினேன். ஆறில் மூன்று அதன்பின் அதிரவே மறுத்துவிட்டன. கழுத்து நேராக இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன், அது வளைந்திருக்கிறது. கழுத்து வளையாது என்று எடுத்துக்கொள்வது எனக்கு வாழ்க்கையிலும் பழகிய பிழை.

14 ஆகஸ்ட், திங்கள்

கிளினிக் முடிந்து ஜெமிமா நேராக வந்தாள், முகமூடியோடு. "மொதல்ல அத கழட்டு. எதுக்க வந்து நில்லு. மூஞ்சியப் பாத்துப் பேசு" என்றேன். என் வகுப்பறையின் முதல் விதி அது. பெண்களை நிமிர்ந்து பேச வைத்த ஆசிரியை என்று கல்லூரி மலரில்கூட எழுதினார்கள்.

"ஆன்ட்டி, எங்கம்மா இப்பவும் யாரு கூப்ட்டாலும் எந்திரிச்சி நின்னு மூஞ்சியப் பாத்துதான் பேசுவாங்க. ஒங்க ஸ்டூடண்ட்லா!"

முகமூடி எனக்கு ஒத்துவராது. சென்ற வருடம் பல்லைச் சுத்தம் செய்யப் போனேன். நாற்காலியில் சாய்ந்தபடி, முகமூடிக்குள்ளிருந்து ஜெமிமா என்னவோ கேட்டாள். மரியாதைக்குத் தலையசைத்தேன். மேலும் கேட்டாள், மேலும் அசைத்தேன். வெளியே வரும்போது முன்பல் ஒன்றின் நரம்பு எடுக்கப்பட்டு உறை மாட்டப்பட்டிருந்தது. நல்ல உறை; அது வேறு விஷயம்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரும்பு அளவுகோலை நிறுத்தி, ஜெமிமா எனக்கு விளக்கினாள். உயரத்தைக் கூட்டினால் ஒலி சுத்தம், விரலுக்கு வலி. குறைத்தால் விரலுக்குச் சுகம், கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். எல்லாருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்று கிடையாது. வாசிப்பவரின் கையும் காதும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தாள். பிறகு ஒவ்வொரு கம்பியாக மீட்டி, "இதுல இரையுதா? இதுல?" என்று கேட்டாள். கிடார் அவள் மடியில் இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்றேன்.

கிளம்பும்போது தயங்கினாள். "ஆன்ட்டி, முடியலன்னா சொல்லிருங்க. வெளியருந்து ஒரு பொண்ண வரவச்சிருவோம். கிடார வாலிபர் சங்கத்துல கேட்டுட்டு இருக்காங்க."

இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பெருமைக்காக அல்ல, பெருமையை நான் அன்று ஆலயத்திலேயே செலவழித்துவிட்டேன்.

17 ஆகஸ்ட், வியாழன்

எமரால்டு கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, ஜன்னல் வழியாகப் பார்த்ததில் நான் கிடார் வாசிக்கும் முறை விநோதமாக இருக்கிறது என்றாள். எல்லாரும் கிடாரை மடியில் படுக்க வைப்பார்களாம். நான் நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கவிழ்ந்துகொள்கிறேனாம். முதுகுவலிக்கு அது ஏற்ற நிலை என்று விளக்கினேன். அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வதும் முதுகுவலிக்கா என்றாள். ஆமாம், காற்றுப் படக்கூடாது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

விரல் பரவாயில்லை. ஆனால் மூன்றாம் கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தும்போது, ஒரு வண்டு உறைப்பல்லுக்குள் புகுந்துகொண்டு வெளியேற வழி தேடுவது போலிருக்கிறது. நான்காம் கம்பியில் அதன் உறவினர்கள். ஜி என்ற சுரக்கூட்டு ஒன்று இருக்கிறது. அது சுத்தமாக ஒலித்தால் தாடையிலிருந்து உச்சந்தலை வரை விளக்கேற்றியது போலிருக்கும். அதன் நடுவில் இந்த வண்டு.

24 ஆகஸ்ட், வியாழன்

அவமானம். முறையாகப் பதிவு செய்கிறேன்.

ஜெமிமா பயிற்சிக்கு வந்தாள். எமரால்டு காப்பி கொண்டுவந்தவள், கிடாரின் மேற்கொம்பைத் தடவிப் பார்த்து, "எலி கடிச்சிருக்கு, பாத்தீங்களா? கோயில் சாமானு. பாஷாணம் வைக்கணும்னு அப்பவே சொன்னேன்" என்றாள்.

ஜெமிமா கிடாரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். விரலால் அந்தப் பள்ளங்களைத் தடவினாள். கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முகம்.

"இது எலி இல்ல, எமரால்டு ஆன்ட்டி."

"பெருச்சாளியா?"

"எலிக்கு இவ்ளோ அகலமா பல்லு வராது. இந்தா, இங்ஙன மட்டும் ஆழமா விழுந்திருக்கு பாருங்க. இது நான் போட்ட பல்லுக் கேப்பு." என் வாயைப் பார்த்தாள்.

ஒன்பது வருடத்தில் முதன்முறையாக எமரால்டிடம் வார்த்தை இல்லை. துரதிருஷ்டவசமாக அது நீடிக்கவில்லை. "மைனி! சாப்பாட்டுக்குக் குறை வச்சனா?"

ஜெமிமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "வலியத் தாங்க முடியாமக் கடிச்சிருக்கீங்க, இல்லயா ஆன்ட்டி? கொப்புளத்த ஏன் எங்கிட்டச் சொல்லல?"

வலியில் மரத்தைக் கடிக்கும் கிழவி என்று அறியப்படுவதா, அல்லது உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி என் முன் இருந்தது. முடிவெடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரொம்ப வலிச்சுது" என்றேன்.

அவள் இரக்கத்தில் கம்பிகளை இன்னும் இறக்கிவிட்டுப் போனாள்.

25 ஆகஸ்ட், வெள்ளி

வாய் முழுவதும் வண்டுகள்.

28 ஆகஸ்ட், திங்கள்

பொறுக்க முடியவில்லை. எமரால்டை ஜெமிமாவுக்குப் போன் செய்யச் சொன்னேன். (நான் போனில் பேசுவதில்லை. கொள்கை.) வந்தாள். கிடாரைப் பெட்டியோடு இணைத்து, மூன்றாம் கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில் மீட்டினாள்.

"எங்க ஆன்ட்டி இரையுது?"

"அங்கதான்."

மீண்டும் மீட்டினாள். எமரால்டைக் கேட்டாள். "கோயில் மணி மாதிரி சுத்தமாத்தான இருக்கு" என்று எமரால்டு சாட்சி சொன்னாள். அவள் காது வருடக்கணக்காக அடுத்தவர் குரலைக் கேட்டுப் பழகிய காது, மறுக்க முடியாது. ஜெமிமா பெட்டியை அணைத்துவிட்டு, கிடார் மேல் காதை வைத்தாற்போல் குனிந்து, மிக மெல்ல மீட்டினாள். முகம் மாறியது.

"இருக்கு! இம்புட்டுப் போல இருக்கு. பெட்டியில வரவே இல்ல. மரத்துல மட்டும் இருக்கு. இது எப்படி ஆன்ட்டி ஒங்களுக்குக் கேட்டுச்சி?"

"கேட்டது" என்றேன். உண்மையே.

"ஐயோ, ஒங்க காது என்ன காது! எங்க குரூப்ல ஒருத்தருக்கும் இது கேட்டிருக்காது."

"மைனிக்கா?" எமரால்டு சிரித்த சிரிப்பில் டம்ளர் ஆடியது. "முந்தாநாளு கேஸ்காரரு வாசல்ல அரை மணிநேரம் பெல்ல அடிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாரு."

"கேஸ் சிலிண்டர் சங்கீதமில்ல" என்றேன்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நுண்ணிய செவி என்பது பயிற்சியால் வருவது, எல்லா ஒலிக்கும் அதைச் செலவழிக்கக் கூடாது என்பது பற்றிச் சற்று நேரம் பேசினேன். பேசி முடித்தபோது ஜெமிமா எனக்கு ஒரு பதவி கொடுத்திருந்தாள். ஒன்பதாம் தேதி ஆலயத்தில் முழு ஒத்திகை. அவள் கிடாரை வாசிப்பாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு, கம்பி உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு சொல்ல வேண்டும். அப்படியே பாடகர் குழுவின் குரல்கள் சமமாக இருக்கின்றனவா என்றும்.

"நீங்க சொல்றதுதான் ஃபைனல்" என்றாள்.

2 செப்டம்பர், சனி

காய்ச்சல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. என் உடம்பு நலமாக இருக்க வேண்டியபோதும் ஒத்துழைக்காது, நோயாக இருக்க வேண்டியபோதும் ஒத்துழைக்காது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாம் சரி என்று தலையசைத்துவிடலாம். தலையசைப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் அதற்குப் பின் வண்டுகள் நிரந்தரமாகிவிடும். மேலும் பத்தாம் தேதி சபை நடுவே கவிழ்ந்து வாசிக்க முடியாது. நிமிர்ந்து வாசித்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பிசகினால் கிடார் வாலிபர் சங்கத்துக்குப் போகும். எந்தப் பக்கம் திருகினாலும் ஏதோ ஒன்று உரசுகிறது.

6 செப்டம்பர், புதன்

சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டேன். எமரால்டு ஒன்றும் சொல்லவில்லை. அல்லது முதுகுப் பக்கமாகச் சொல்லியிருப்பாள்.

9 செப்டம்பர், சனி

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆலயம் நீளமானது. பலிபீடத்தருகே பாடகர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நடுவில் ஜெமிமா, தோளில் கிடார். மின்விசிறிகள் சுழன்றன. அவள் கை கம்பிகளில் இறங்கியது.

ஒன்றுமில்லை.

மறுபடி இறங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெமிமாவின் வாய் அசைந்தது. அவ்வளவு தூரத்தில் உதடுகள் வெறும் உதடுகள். முன்வரிசையில் இருந்த எமரால்டு திரும்பி, கையால் 'என்ன?' என்றாள். தலையசைக்க வேண்டிய இடம் அதுதான். கழுத்து தயாராகவும் இருந்தது.

ஆனால் ஜெமிமா நான் சொல்லும் பதிலுக்காகத் திருகுசாவியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். என் காதை நம்பி. என்னை இவ்வளவு முழுமையாக யாரும் தவறாக நம்பியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆலயத்தில் சிரிப்பு வந்தால் எழுந்து நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுந்தேன். நடுப்பாதை வழியாக, மணப்பெண் நடக்கும் அதே பாதையில், முழங்கால்கள் ஒத்துழைத்த வேகத்தில் நடந்தேன். ஜெமிமா முன்னால் நின்று சொன்னேன்: "வாசி. நிறுத்தாத."

அவள் வாசித்தாள். நான் குனிந்து, அத்தனை பேருக்கு முன்னால், கிடாரின் மேற்கொம்பைப் பல்லால் கடித்தேன்.

வந்தது. ஜி. மண்டையோட்டின் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில். கூடவே மூன்றாம் கம்பியின் வண்டு.

"மூணாவது கம்பிய கால் மில்லி ஒசத்து" என்றேன், வாயை எடுத்து. மறுபடி கடித்தேன். "நாலாவதையும்." கடித்தேன். "ஆறாவது ரெண்டேகால் மில்லிக்கு ஏறி நிக்கட்டும். விரல் வலிச்சா வலிச்சிட்டுப் போகுது."

ஜெமிமா திருகினாள். கடைசித் திருகுக்குப் பின் மீட்டினாள். வண்டுகள் போய்விட்டன. அதன் பிறகுதான் அவள் என் எதிரே நேராக வந்து நின்றாள். முகத்தை என் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். அவள் அம்மா நிற்பது போலவே. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, உதடுகள் தெரியக் கேட்டாள்:

"எவ்வளவு நாளா, ஆன்ட்டி?"

"நாளைக்கு ஆராதன எட்டரைக்கா, ஒம்பதுக்கா?" என்றேன்.

10 செப்டம்பர், ஞாயிறு

வாசித்தேன். ஜெமிமா காலையில் தன் கிளினிக்கிலிருந்து மெத்தென்ற ரப்பர்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கிடாரின் கொம்பில் ஒட்டியிருந்தாள். "கடிக்கதுன்னா இதக் கடிங்க. கேப்பு உடைஞ்சா மறுபடி நாந்தான் ஒங்க வாய்க்குள்ள கைய விடணும்" என்றாள். முகமூடி இல்லாமல், என் எதிரே நின்று.

நான் கிடார் மேல் கவிழ்ந்து, கண்ணை மட்டும் அவள் கைகள் மேல் வைத்து, நான்கு பாட்டுக்கும் வாசித்தேன். போதகரின் மனைவி ஐயரம்மா வந்து என் கையைப் பிடித்து, வாத்தியத்தை முத்தமிட்டபடி வாசித்த அந்தப் பக்தியைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார்கள். நான் திருத்தவில்லை, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திருத்த முடியாது. மூன்று விரல்களில் புதுக் கொப்புளம். என் ஆமென் எல்லாருடைய ஆமெனோடும் சேர்ந்து வந்ததாக எமரால்டு ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசாரணை போலத் தொடங்கினாள்.

"அப்பம் இத்தன வருசமும் நா ஒங்களப் பேசுனது?"

"மூஞ்சிக்கு நேரா பேசுனது எல்லாம் தெரியும்."

"அடுப்புக்கிட்ட நின்னு பேசுனது? முதுகுக்குப் பின்னாடி? துணி காயப்போடும்போது?"

"இல்ல."

அவள் முகத்தில் நான் பார்த்தது துக்கம்தான்; வேறு சொல் இல்லை. "எவ்வளவு நல்ல நல்ல வார்த்தையெல்லாம், மைனி" என்றாள். "அம்புட்டும் வேஸ்டாப் போச்சே."

"ஞாபகம் இருக்கத இப்பச் சொல்லு" என்றேன்.

இரவுச் சாப்பாடு வரை சொன்னாள். சில உண்மையிலேயே நன்றாக இருந்தன.

நேற்று ஜெமிமா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை அவளிடம் சொல்ல வேண்டும்; அதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன். என் உட்செவி நன்றாகவே இருக்கிறது. அதற்கு ஒலியைக் கொண்டுபோகும் சிற்றெலும்புகள் இறுகிப்போயின. எலும்பு வழியாக நேராக வருவது மட்டும் கேட்கும். முதலில் வேலை போய்விடும் என்று மறைத்தேன். பிறகு பழக்கத்தினால் மறைத்தேன். பின்னர், இவ்வளவு காலம் மறைத்திருக்கிறேன் என்பதை மறைப்பதற்காக மறைத்தேன். எழுந்து நில், நிமிர், என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று நான் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குக் கற்பித்தது ஒழுக்கமல்ல. எனக்கு அவர்களுடைய உதடுகள் தேவைப்பட்டன. முப்பத்தாறாம் வயதில் என் இடது காது கேட்காமல் போயிற்று, ஐம்பதில் வலதும்.